ஊட்டியில் கல்லூரி, கோத்தகிரியில் வலைத்தள வேலை: அரியர் விழாமல் இரண்டையும் பார்ப்பது எப்படி?

நீலகிரியில் கணினி அறிவியல் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒருநாள் யாராவது நிச்சயம் வருவார்கள். ஊர்ச் சங்கத்துச் செயலாளராக இருக்கும், முதியோர் இல்லம் நடத்துபவராக இருக்கும், நாம் படித்த பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருக்கும். "தம்பி கம்ப்யூட்டர்தானே படிக்குது? நம்ம சங்கத்துக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுப்பா, சின்ன வேலைதான்" என்பார்கள். எனக்கு அது இரண்டாம் ஆண்டில் வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயிகள் சங்கம். யோசிக்காமல் தலையாட்டினேன். அந்த செமஸ்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் தாள் போனது. அடுத்த ஆண்டு தளமே போனது. இரண்டும் எப்படிப் போயின என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இந்த வேலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பின்னால் ஒரு நேர்காணலில் முக்கால் மணி நேரம் அந்தத் தளத்தைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் உள்ளே போகும்போதே வெளியே வரும் வழியையும் போட்டுவிட்டுப் போங்கள். கீழே உள்ள படிகளெல்லாம் அதற்குத்தான்.

1. முதலில் காலண்டர், அப்புறம் வாக்கு

சரி என்று சொல்வதற்கு முன் உங்கள் கல்லூரியின் கல்வி நாட்காட்டியை எடுங்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, செமஸ்டர் தேர்வு எல்லாவற்றையும் குறியுங்கள். பெரும்பாலும் ஒற்றைப்படை செமஸ்டர் நவம்பரிலும் இரட்டைப்படை செமஸ்டர் ஏப்ரலிலும் முடியும். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களைக் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். அந்த நாட்களில் தளம் எரிந்தாலும் நீங்கள் அணைக்கப் போக வேண்டியதில்லை.

அடுத்து மலையின் காலண்டர். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மரம் விழும், கம்பி அறும், சாலையில் மண் சரியும். மே மாதம் மலர்க் கண்காட்சி, சீசன் நெரிசல். அரை மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமாகும். டிசம்பர் கடைசி, ஜனவரித் தொடக்க வாக்கில் படுகர் சமூகத்து ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். அந்த வாரம் சங்கத்தில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள், நாமும் கூப்பிடக் கூடாது.

இத்தனையும் கழித்தால் கோத்தகிரிப் பக்கத்துக்காரருக்கு மிஞ்சுவது ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுவரை, அப்புறம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. கூடலூர்க்காரர் இரண்டாவதை மட்டும் நம்பலாம். தளம் வெளியாகும் தேதி இந்த இரண்டு துண்டுகளில் ஒன்றுக்குள் விழ வேண்டும்.

பெரிய பொறி எது தெரியுமா? "தீபாவளிக்குள்ள முடிச்சிரலாம் தம்பி." எந்தச் சங்கமும் தீபாவளியைத்தான் கெடுவாகச் சொல்லும், கேட்க மங்கலமாகவும் இருக்கும். ஆனால் தீபாவளி, மழை, செமஸ்டர் தேர்வு மூன்றும் ஒரே மாதத்தில் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். நான் ஒப்புக்கொண்டது அந்தத் தீபாவளியைத்தான். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் டெட்லாக் பாடம் படிக்க வேண்டிய ராத்திரியில் செயலாளரின் புகைப்படத்தை இடப்பக்கமா வலப்பக்கமா என்று நகர்த்திக்கொண்டிருந்தேன்.

2. எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது

முதல் தளம் ஐந்து பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது: முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், அறிவிப்புகள், தொடர்பு. தரவுத்தளம் இல்லாத நிலையான தளம் போதும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். 'ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் பழகிய மாதிரியும் இருக்கும்' என்று நினைக்கத் தோன்றும். பழகுவதற்கு வேறு இடம் பாருங்கள். நீங்கள் போன பிறகு அதைத் தொட ஊரில் ஆள் இருக்காது.

இவற்றைக் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்:

உறுப்பினர் லாகின். கடவுச்சொல் மறந்தவர்கள் எல்லோரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இரவு பத்து மணிக்கு.

ஆன்லைன் விற்பனை. பணம் கைமாறும் இடத்தில் புகாரும் வரும், ரீஃபண்டும் வரும். அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும்.

நன்கொடைப் பொத்தான். இதில் கூடுதல் கவனம் வேண்டும். வெளிநாட்டவரிடமிருந்தோ வெளிநாட்டு அமைப்பிடமிருந்தோ நன்கொடை வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு பெற்ற அமைப்பும் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில்தான் அந்தப் பணத்தைப் பெற முடியும். பதிவு இல்லாத அமைப்புக்காக 'எங்கிருந்தும் அனுப்பலாம்' என்று ஒரு பொத்தானை நீங்கள் வைத்துவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட ஊர்க்காரர் ஒருவர் அனுப்பும் நல்லெண்ணப் பணமே சங்கத்துக்கு வில்லங்கமாகலாம். வங்கிக் கணக்கு, நன்கொடை பற்றிய எந்த வரியும் அவர்கள் ஆடிட்டர் பார்த்த பிறகே ஏறட்டும்.

எங்கள் சங்கம் கேட்டது பச்சைத் தேயிலை விலை. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலை, குன்னூரில் வாராவாரம் நடக்கும் ஏலத்தின் நிலவரம் இரண்டும் முகப்பில் வர வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்விதான், விவசாயி தளத்துக்கு வருவதே அதற்காகத்தானே. நான் செய்த தப்பு, அந்த எண்ணை நானே மாற்றித் தருகிறேன் என்றது. ஏழு மாதம் மாற்றினேன். பிறகுதான் புத்தி வந்து ஒரு கூகுள் ஷீட் திறந்தேன். சங்க அலுவலகத்து அக்கா அதில் விலையை அடிப்பார். ஷீட்டை வலையில் வெளியிடும் வசதி இருக்கிறது, பக்கம் அதிலிருந்து எண்ணை எடுத்துக்கொள்ளும். மாற்றம் தெரியச் சில நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். அடிக்கடி மாறும் எதையும் முதல் நாளே இப்படி அவர்கள் கைக்குக் கொடுத்துவிடுங்கள்.

3. ஒரு பக்கக் கடிதம், நான்கு நகல்கள்

இலவச வேலைக்கு எதற்குக் கடிதம் என்று கூச்சமாக இருக்கும். இலவச வேலைக்குத்தான் வேண்டும். காசு வாங்கினால் காசு தீர்ந்ததும் வேலை நிற்கும். காசில்லாத வேலைக்கு நிற்கும் இடமே கிடையாது. முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம், சாதாரண வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதி, செயலாளரும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை பக்கங்கள், உள்ளடக்கத்தை யார் எந்தத் தேதிக்குள் தருவது, திருத்தம் எத்தனை முறை (இரண்டுக்கு மேல் போகாதீர்கள்), நீங்கள் வேலை செய்யாத தேர்வு வாரங்கள் எவை, உங்கள் பொறுப்பு முடியும் தேதி.

திருத்தங்களைச் சொல்ல ஒரே ஒருவர் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தலைவர் பச்சை நிறம் கேட்டார், பொருளாளர் நீலம் கேட்டார். இரண்டு பேரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில்தான் இருந்தார்கள், ஆனால் எனக்குத் தனித்தனியாக அனுப்பினார்கள்.

அமைப்பிடமிருந்து வாங்கி வைக்க வேண்டிய நகல்கள்: பதிவுச் சான்றிதழ் (சங்கமென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் வாங்கியது, அறக்கட்டளை என்றால் பத்திரம்), அமைப்பின் பான் அட்டை, முகவரி உள்ள லெட்டர்பேட் தாள் ஒன்று, வலைத்தளம் தொடங்குவதாகத் தீர்மான நோட்டில் எழுதிய பக்கம். கடைசியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நிர்வாகக் குழு மாறினால் 'எங்களைக் கேட்காமல் போட்ட தளம்' என்ற பேச்சு வரும். தீர்மானம் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும்.

பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கங்களுக்கு கூகுளின் லாபநோக்கமற்ற அமைப்புகளுக்கான திட்டம் உண்டு. அமைப்பின் பெயரிலேயே மின்னஞ்சல் இலவசமாகக் கிடைக்கும். விண்ணப்பித்துச் சரிபார்ப்பு முடிய நாளாகும். வேலை தொடங்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

4. பெயரும் கணக்கும் அவர்களுடையது

தளம் போன கதை இதுதான். நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் மாணவர்களுக்குத் தரும் இலவசத் தொகுப்பில் எனக்கு ஒரு டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) ஓராண்டுக்கு இலவசமாகக் கிடைத்தது. காசு மிச்சம் என்று அதையே சங்கத்துக்குப் போட்டேன். பதிவு என் பெயரில், மின்னஞ்சல் என்னுடையது. ஓராண்டு முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி மூன்று மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன, மூன்றும் தேர்வு நேரத்தில். பார்க்கவில்லை. சங்கத்தின் லெட்டர்பேடிலும் ரசீதுப் புத்தகத்திலும் அச்சடித்திருந்த முகவரி ஒருநாள் காலையில் வேலை செய்யவில்லை. ரசீதுப் புத்தகம் ஐந்நூறு அடித்திருந்தார்கள். செயலாளர் திட்டவில்லை, "பரவால்ல தம்பி" என்றார். திட்டியிருக்கலாம்.

அந்தத் தொகுப்பு நல்லதுதான், உங்கள் சொந்தப் பழக்கத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குத் தேதி அச்சிட்ட அடையாள அட்டை வேண்டும். அட்டையில் நடப்பு ஆண்டு இல்லையென்றால் அலுவலகத்தில் போனஃபைடு சான்றிதழ் வாங்கி அதைப் படமெடுத்துப் போடுங்கள். கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பையும் முதலில் இயக்கிவிடுங்கள்.

சங்கத்துக்குச் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல். மீட்பு எண்ணாக அலுவலகத்தில் நிரந்தரமாக இருக்கும் போன் எண்ணைக் கொடுங்கள், உங்கள் எண் வேண்டாம். அந்த மின்னஞ்சலில் டொமைன் பதிவு, உரிமையாளர் பெயர் சங்கத்தின் பெயர். டாட் ஆர்க், டாட் காம் வாங்கினால் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாட்களுக்குள் சொடுக்காவிட்டால் பெயரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். காலாவதியான பெயரை உடனே இழக்க மாட்டீர்கள், ஆனால் சில வாரங்களில் அது 30 நாள் மீட்புக் காலத்துக்குள் போனதும் மீட்கும் கட்டணம் புதுப்பிக்கும் கட்டணத்தைப் போல் பல மடங்கு.

கிட்ஹப்பிலும் அதே மின்னஞ்சலில் கணக்கு, அதன்கீழ் ஒரு ஆர்கனைசேஷன் (பலர் சேர்ந்து பயன்படுத்தும் குழுக் கணக்கு). நீங்கள் அதில் உறுப்பினர் மட்டும். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுச் சங்க பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். வகுப்பில் சொல்லித்தரும் பாதுகாப்புப் பாடத்துக்கு இது ஒத்துவராது; இரும்பு பீரோவும் சாவியும் இருக்கிற அலுவலகத்துக்கு ஒத்துவருகிறது.

இன்னொன்று. இலவசக் கணக்கில் கிட்ஹப் பேஜஸ் (கிட்ஹப்பே தரும் இலவச ஹோஸ்டிங்) வழியாகத் தளம் போட்டால் ரெப்போ, அதாவது தளத்தின் கோப்புகள் உள்ள ஃபோல்டர், எல்லோரும் பார்க்கும்படி பொதுவில்தான் இருக்கும். உறுப்பினர் பட்டியல், போன் எண், ஆதார் நகல் எதுவும் அந்த ஃபோல்டருக்குள் போகக் கூடாது. தெரியாமல் ஏற்றிவிட்டுப் பிறகு அழித்தாலும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் பழைய கமிட்டில் (பதிவில்) அது இருந்துகொண்டே இருக்கும்.

5. செலவு

டாட் இன் பெயர் ஆண்டுக்கு ஆயிரத்துக்குள் முடியும், 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. விளம்பரத்தில் காட்டும் விலை முதல் ஆண்டுக்கானது. புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். ஹோஸ்டிங்குக்குக் காசு வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் 1 ஜிபி வரை தாங்கும், ஐந்து பக்கத் தளம் அதில் ஒரு மூலையைக்கூட நிரப்பாது.

கார்டு கேட்கும் இலவசத் திட்டம் எதிலும் உங்கள் அப்பாவின் டெபிட் கார்டைப் போடாதீர்கள். என் வகுப்புத் தோழன் ஒரு மேகக் கணிமைச் சேவையில் சர்வரை இயக்கிவிட்டு மறந்தான். இலவசக் காலம் முடிந்து பில் வந்தது. அந்த மாத மெஸ் பணம் அதற்குத்தான் போனது.

டொமைன் காசைச் சங்கமே கட்டட்டும். கூச்சப்பட்டு நீங்கள் கட்டினால் ஒவ்வோர் ஆண்டும் நீங்கள்தான். பஸ் கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள். கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் போய்வர ஒவ்வொரு தடவையும் அறுபது கிலோமீட்டர்.

6. எழுத்தும் படமும்

வேலையில் பாதி இதுதான், யாரும் சொல்ல மாட்டார்கள். சங்கத்து நோட்டீஸ்கள் டிடிபி கடையில் அடித்தவை. கோப்பை வாங்கி ஒட்டினால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருப்பதால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். இணையத்தில் ஒருங்குறி மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றெழுத்து, ஒகர ஓகாரம், ஸ்ரீ மூன்றையும் கண்ணால் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் உடையும். நாற்பது பக்க விதிமுறைப் புத்தகத்தை ஏற்றச் சொன்னால் பிடிஎஃப் ஆக வைத்துவிட்டு நகருங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர். இரண்டும் இலவசம், திறந்த உரிமம். வரி உயரத்தை 1.7 அளவில் வையுங்கள். ஆங்கிலத்துக்கு வைக்கும் அளவில் கீ, கூ போன்றவை மேல்வரியையும் கீழ்வரியையும் இடிக்கும். பக்கத்தின் மொழிக் குறியீட்டைத் தமிழ் என்று மாற்றுங்கள், பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை வைத்துத்தான் வாசிக்கும். தமிழில் நிரலாக்கக் கட்டுரைகள் வேண்டுமென்றால் கணியம் அறக்கட்டளையின் தளத்தில் நிறைய உண்டு.

போனில் எடுத்த படம் 4, 5 எம்பி இருக்கும். வெப்பி (WebP) வடிவில் 200 கேபிக்குள் சுருக்குங்கள். பார்ப்பவர் தோட்டத்தில், ஒரு கோடு சிக்னலில் நிற்கிறார்.

குழந்தைகள் படம் போடுவதற்கு முன் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றே வைக்கிறது. பழங்குடி ஊர்களில் எடுத்த படங்களுக்கு ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள். தோடர் மந்துக்கு (தோடர் பழங்குடியினர் குடியிருப்புக்கு) போய்விட்டு வரும் தொண்டு நிறுவனத் தளங்களில் அனுமதியில்லாத முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே எரிச்சல்.

7. வாரத்துக்கு ஐந்து மணி நேரம்

வார நாட்களில் தொடாதீர்கள். சனிக்கிழமை மூன்று மணி நேரம், ஞாயிறு இரண்டு. எட்டு வாரத்தில் நாற்பது மணி நேரம். ஐந்து பக்கத் தளத்துக்கு அது தாராளம். பஸ்ஸில் கோடு எழுதலாம் என்று திட்டம் போட்டேன். தொட்டபெட்டா சந்திப்பு தாண்டுவதற்குள் தலை சுற்றியது. பஸ்ஸில் செய்யக்கூடியது எழுத்துப்பிழை பார்ப்பது மட்டும், அதுவும் வளைவு இல்லாத இடத்தில்.

மழை நாட்களுக்கு: கிட் இணையம் இல்லாமலும் கமிட் வாங்கிக்கொள்ளும், இணைப்பு வந்ததும் புஷ் செய்யலாம், அதாவது கிட்ஹப்பில் ஏற்றலாம். டெவ்டாக்ஸ் தளத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆவணங்களை முன்கூட்டியே இறக்கி வைத்தால் இணைப்பு இல்லாமலும் படிக்கலாம். மாவட்ட ஆட்சியர் விடுமுறை விட்ட நாளைத் தளத்துக்குக் கொடுக்காதீர்கள். அன்று படியுங்கள்.

கோவையிலிருந்து நண்பர் உதவிக்கு வருவதென்றால் அரசுப் பேருந்தில் வரச் சொல்லுங்கள். நீலகிரிக்குள் நுழைய வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஒருவன் கல்லாறு சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தான், நான் வகுப்பில் இருந்தேன்.

8. கல்லூரியில் கேட்டு வாங்க வேண்டியவை

வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். சங்கக் கூட்டத்துக்கு ஓடி மதிய வகுப்புகளை விட்டவர்கள் அதைக் கடைசியில்தான் எண்ணிப் பார்ப்பார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை காட்ட வேண்டும். தள வேலையைக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் தொடங்கும் முன்பே கேளுங்கள். செய்து முடித்துவிட்டுக் கேட்டால் 'முன் அனுமதி எங்கே' என்பார்கள், எனக்கு அதுதான் நடந்தது. மணிநேரம், தேதி, சங்கக் கையெழுத்து உள்ள ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டு புராஜெக்டாகவும் இதையே காட்டலாமா என்று வழிகாட்டி ஆசிரியரிடம் ஐந்தாம் செமஸ்டரிலேயே பேசிவிடுங்கள். ஐந்து பக்கத் தளத்தை அப்படியே ஏற்க மாட்டார்கள். இலை எடை, கொடுத்த தேதி, வர வேண்டிய பாக்கி என்று ஒரு தரவுத்தளம் வடிவமைத்தால் டிபிஎம்எஸ் (தரவுத்தள மேலாண்மை) பாடமும் சேர்ந்து படித்த மாதிரி ஆகும். ஆனால் அது கல்லூரிக்கு. சங்கத்தில் அதை நிறுவித் தருகிறேன் என்று வாய் விடாதீர்கள்.

9. ஒப்படைப்பு

கடிதத்தில் போட்ட கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே நாள் குறியுங்கள். இலை எடை போடும் நேரத்தில் அலுவலகத்தில் ஆள் சும்மா இருக்க மாட்டார்கள். ஞாயிறு காலை சரிப்படும். கையோடு கொண்டுபோக வேண்டியது: விலையை மாற்றுவது, அறிவிப்பு சேர்ப்பது, டொமைன் புதுப்பிப்பது மூன்றுக்கும் ஸ்கிரீன்ஷாட்டோடு தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு. புதுப்பிக்கும் தேதியைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் சான்றிதழை, தொடங்கிய தேதி, முடித்த தேதி, செய்த வேலை மூன்றோடும் லெட்டர்பேடில் அடித்து அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். 'அப்புறம் தர்றோம்' என்றால் நிர்வாகக் குழு மாறியிருக்கும்.

பிறகு கணினி முன்னாலிருந்து எழுந்துவிடுங்கள். அலுவலகத்து அக்கா உட்கார்ந்து ஷீட்டைத் திறந்து ஒரு விலையை மாற்றட்டும். தடுமாறுவார், உங்கள் கை மௌஸுக்குப் போகும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முகப்பில் எண் மாறியதை அவர் தன் போனில் பார்த்த பிறகு, கிட்ஹப் ஆர்கனைசேஷனிலிருந்து உங்கள் பெயரை நீக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.